வேலை கேட்டுப் படியேறுதல்

ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, பழந்துணி, லைசோல் போத்தல் இருந்தால் துப்புரவுத் தொழிலைத் தொடங்கிவிடலாம். முதல் வாடிக்கையாளரைப் பெறுவது அவ்வளவு எளிதில்லை. மீன் விற்பவர் பெட்டியைத் திறந்து காட்டுவார். வாங்குபவர் செவுளை விரித்துப் பார்த்து விலை பேசுவார். துப்புரவு வேலையை அப்படி முன்கூட்டிக் காட்ட வழியில்லை. வேலை முடிந்த பிறகுதான் அது நல்ல வேலையா என்று தெரியும். அதற்குள் கதவு திறக்கப்பட்டு, அலுமாரியும் படுக்கையறையும் முன்பின் அறியாத ஒருவரின் கண்ணில் பட்டிருக்கும். ஆகவே துப்புரவுக்கு ஆள் அழைப்பவர் இரண்டு விதமாக நம்ப வேண்டியிருக்கிறது: வந்தவருக்கு வேலை தெரியும் என்பது ஒன்று, அவர் கை சுத்தம் என்பது மற்றொன்று. பணமுள்ள நிறுவனம் வாகனம், சீருடை, விளம்பரம், காப்புறுதி ஆகியவற்றைக் கொண்டு இந்த நம்பிக்கையை ஓரளவு விலைக்கு வாங்கிவிடும். கைமுதல் இல்லாதவர் வேறு வழி பார்க்க வேண்டும். வேலை கேட்பது இரப்பதாகுமா, தன் திறமையைத் தானே சொல்வது தற்பெருமையா, ஒருவருக்காக இன்னொருவர் சொல்லும் நல்ல வார்த்தை யாரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்ற கேள்விகள் அந்த வழியில் வருகின்றன. சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த கேள்விகள் இவை.

யாழ்ப்பாண நகரின் தெற்கே, கடனீரேரியை ஒட்டிய குருநகரில் இக்கேள்விகளுக்கு இன்று உயிருண்டு. முன்பு கரையூர் எனப்பட்ட இவ்வூரில் பெரும்பாலும் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் வாழ்கின்றனர். புனித யாகப்பர் ஆலயத்தைச் சுற்றியே ஊரின் ஆண்டு சுழல்கிறது. இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது இங்குள்ள இழுவைப் படகுகளும் அந்தத் தடைக்குள் வந்தன. இந்திய இழுவைப் படகுகள் வலைகளை நாசமாக்குவது பல ஆண்டு காலத் துயரம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, சிறு படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய்ச் செலவே பிடிபாட்டை விழுங்கியது. இத்தகைய காலங்களில் வீட்டுக்கு இன்னொரு வருமானம் தேடிப் புறப்படுவோர் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் செய்யக்கூடிய வேலை நகரத்தில் இருக்கிறது. பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் நோர்வேயிலும் பிரான்சிலும் இருக்க, வயதான தாயோ தந்தையோ தனித்து வாழும் வீடுகள் ஏராளம். முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. யூலை 25 யாகப்பர் திருநாள். அதை அண்டி நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா. புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்திறங்கும் பருவமும் அதுவே. ஆறு மாதம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தால் யன்னல் விளிம்பெங்கும் பல்லி எச்சம், கதவு நிலையோரம் ஏறிய கறையான் புற்று, தண்ணீர்த் தாங்கியின் அடியில் பச்சைப் பாசி, உப்புக்காற்றில் துருவேறிய கிறில் கம்பி, அதன் கீழே தரையில் இறங்கிய செம்பழுப்புக் கறை. விமானத்தால் இறங்கிய களைப்போடு இதை ஒருவர் செய்து முடிக்க முடியாது. விருந்தினர் விடுதிகள், கலியாண மண்டபங்கள், தனியார் கல்வி நிலையங்கள், கட்டி முடித்துச் சீமெந்துக் கறை போகாத புது வீடுகள் என்று வேறு இடங்களும் உள்ளன. வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

சாதிப்படி தொழில் விதித்த குடிமை முறை நிலவிய காலத்தில், துணி வெளுக்கும் கட்டாடி முதலான தொழிலாளருக்கு வீடுகள் பிறப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. எந்த வீட்டு உடுப்பை வெளுப்பது என்பதை அவர் தெரிவு செய்யவில்லை. கூலியையும் அவர் சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பதும் கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் அவர்மேல் விழுந்த கடமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட, யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன; இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஊர்க் குப்பையையும் மலத்தையும் அகற்றும் வேலைக்கு நகர நிர்வாகங்கள் குறித்த சில சமூகங்களையே அமர்த்தின. அவர்களுடைய பிள்ளைகளும் அதற்கே வருவார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்களில் இந்த உலகத்தின் வலி பதிவாகியிருக்கிறது. கத்தோலிக்கக் கரையோர ஊர்களும் இந்த மனப்பாங்குக்கு முழுக்க வெளியே நின்றவை அல்ல. இன்றைக்கும் ஒரு பெண் ‘வீடு கழுவித் தாறம்’ என்று சொல்லிப் புறப்பட்டால், அந்நியரின் பேச்சைவிடச் சொந்தக்காரரின் பேச்சே அவளை முதலில் சுடும்.

ஆனால் இழிவு எங்கே இருக்கிறது என்று நுணுகிப் பார்த்தால், அது அழுக்கில் இல்லை என்பது தெரியும். போரினால் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள், எந்தச் சாதி எந்த வசதி என்றில்லாமல், தங்கள் வீட்டைத் தாங்களே கூட்டினார்கள், கிணற்றைத் தாங்களே இறைத்தார்கள். அதனால் எவரும் தாழ்ந்துபோகவில்லை. குழந்தையின் அழுக்கை எடுக்கும் தாயையும் நோயாளியைக் கழுவும் மகளையும் ஊர் மெச்சுகிறது. மறுக்கும் உரிமையும் விலை சொல்லும் உரிமையும் இல்லாமல் இன்னொருவரின் அழுக்கை எடுக்க வேண்டிவந்தபோதுதான் அது இழிவாயிற்று. இது சரியென்றால், வாடிக்கையாளரைத் தானே தேடிப் போவது வெறும் வியாபார உத்தி என்ற அளவில் நின்றுவிடாது. குடிமை முறையில் தொழிலாளி யாரையும் தேடவில்லை, யாரையும் விடவும் முடியவில்லை. தேடிப் போகிறவர் ஒரு வீட்டைத் தெரிவு செய்கிறார். நாளைக்கு வேண்டாமென்று விடவும் அவரால் முடியும். அடிமைத்தனத்திலிருந்து தொழிலைப் பிரிக்கும் கோடு இதுவே.

தும்புத்தடியை உயர்த்திப் பேசும் மரபு தமிழர் சமயத்தில் இல்லாமலில்லை. திருவதிகைக் கோயிலில் திலகவதியார் அலகிட்டதையும் மெழுகிட்டதையும் பெரியபுராணம் போற்றுகிறது. அவருடைய தம்பி திருநாவுக்கரசர் எந்தச் சிலையிலும் ஓவியத்திலும் உழவாரப்படை தாங்கியே நிற்கிறார். கோயில் வழியின் புல்லைச் செதுக்கும் கருவி அது. சைவ நெறி வகுத்த நான்கு பாதங்களில் முதலாவதான சரியையில் கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் அடங்கும். நல்லூர் ஆறுமுக நாவலரின் (1822–1879) ‘சைவ வினாவிடை’ வழியாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல தலைமுறையாக இதைப் படித்து வந்திருக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு லீமா நகரின் மார்ட்டின் தெ போரஸ் (1579–1639) இருக்கிறார். விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கும் ஸ்பானியப் பிரபுவுக்கும் பிறந்தவர். தொமினிக்கன் மடத்தில் கூட்டுவது முதல் நோயாளரைப் பார்ப்பது வரை செய்தவர். 1962 மே 6இல் இருபத்துமூன்றாம் யோவான் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். சுரூபங்களில் அவர் கையில் துடைப்பம் இருக்கும். பௌத்தரும் குப்பை அள்ளிப் பிழைத்த சுனீதரைப் புத்தர் துறவியாக ஏற்றதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்த மரபில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோயிலைக் கூட்டிய கை போற்றப்பட்டது. கூலிக்கு வீடு கூட்டிய கை அந்தப் போற்றுதலில் பங்கு பெறவில்லை. 1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் காந்தி துடைப்பம் கேட்டு வாங்கிக் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தார். 1927 நவம்பரில் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது இங்கே பெரும் மதிப்போடு வரவேற்கப்பட்டார். ஆனால் கழிப்பிடத்தை அவர் கூலிக்குச் சுத்தம் செய்யவில்லை. தானாக இறங்கிச் செய்யும் பெரியவரைக் கும்பிடுவது சுலபம். செய்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் செய்பவரை மதிப்பது வேறு. இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1981 செப்டெம்பர் 14இல் வெளியிட்ட, மனித உழைப்பு பற்றிய சுற்றுமடல் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. வேலையின் வகை அதற்கு மதிப்பைத் தருவதில்லை, அதைச் செய்பவர் மனிதர் என்பதே தருகிறது என்று அது வாதிடுகிறது. கூலி வாங்குவதால் அந்த மதிப்பு ஒரு துளியும் குறையாது. ஆலயத்தை, பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் முறை வரும்போது சிரமதானமாகக் கூட்டுகிற பெண், மறுநாள் நாவலர் வீதியில் ஒரு வீட்டைக் கூலிக்குக் கூட்டினால், இரண்டும் ஒரே கையின் ஒரே உழைப்பு.

அடுத்தது கேட்பது பற்றிய கேள்வி. திருக்குறள் இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை (106, 107) வைத்திருக்கிறது. ஒளிக்காமல் கொடுப்பவரிடம் கேட்பதில் குற்றமில்லை என்ற குரலும், கேட்பதே உயிரைச் சுருக்கும் என்ற குரலும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இரண்டாவது அதிகாரத்திலேயே, உழைத்துக் குடிக்கும் தெளிந்த கூழுக்கு மேலான சுவை இல்லை என்ற கருத்தும் வருகிறது. வேலை கேட்பவர் இந்தக் கூழின் பக்கம் நிற்பவர். அவர் பிறரிடம் கேட்பது பொருளை அல்ல, பொருளுக்கு ஈடாகத் தன் உழைப்பைக் கொடுக்கும் வாய்ப்பை. ஆனாலும் வாசற்படியில் நிற்கும்போது இரப்பவரின் கூச்சமே அவரைப் பிடிக்கிறது. கேட்கப்படுபவருக்கு மறுக்கும் சுதந்திரம் இருப்பதும், கேட்பவரின் தேவை வெளியே தெரிவதும் இரண்டு நிலைக்கும் பொதுவாக இருப்பதால் இந்தக் குழப்பம் உண்டாகிறது.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமையில் தோட்டக்காரர் விடியல் முதல் மாலை ஐந்து மணி வரை ஐந்து தடவை சந்தைவெளிக்குப் போய் ஆள் எடுக்கிறார். கடைசியாகப் போகும்போதும் சிலர் அங்கே நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை ஒருவரும் கூலிக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அந்தப் பதிலை அவர் சந்தேகிக்கவில்லை. சோம்பேறிகள் என்று தீர்ப்பிடவுமில்லை. மாலையில் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்த கூலியைப் பற்றியே பெரும்பாலான விளக்கங்கள் பேசுகின்றன. வேலை கிடைக்காதவர்கள் மாலை வரை கண்ணில் படும் இடத்தில் நின்றதும், கூலி கொடுப்பவர் தானே நடந்துபோய்த் தேடியதும் அதே அளவு கவனிக்கத் தக்கவை. தேடுவது வேலையில்லாதவரின் தலையில் மட்டும் விழுந்த சுமை அல்ல என்பது இந்த உவமைக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலேயே, கையில் ஒன்றுமில்லாமல் வீடு வீடாகப் படியேறிய ஒருவரின் வரலாறு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் முடியாது, தான் குரு என்று சொல்லவும் முடியாது. செபமாலையைக் கழுத்தில் தெரியும்படி போட்டுக்கொண்டு பிச்சை கேட்டு வீடு வீடாகப் போனார். அதைக் கண்டவரின் முகத்தில் என்ன மாறுகிறது என்று பார்த்தார். அப்படி அடையாளம் கண்டுகொண்ட குடும்பத்தின் வழியாகவே மற்றவர்களும் அவரை அறிந்தனர். பின்பு சில்லாலை அவருக்குத் தங்குமிடமானது. 2015 சனவரி 14இல் கொழும்பில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக்கினார். அவருடைய நோக்கம் வேறு, தொழில் தேடுபவரின் நோக்கம் வேறு. ஆயினும் நம்பிக்கை பரவும் விதத்தை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது: எல்லோரிடமும் ஒரே நேரத்தில் அது உண்டாவதில்லை, ஒரு வீட்டில் உண்டாகி அந்த வீட்டின் வாயால் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

தன்னைத் தானே சொல்லிக்கொள்வது பற்றி நற்செய்தி இரு பக்கமும் பேசுகிறது. மலைப்பொழிவில், தருமம் செய்யும்போது தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்ற போதனை இருக்கிறது. விளக்கை மரக்காலுக்கு அடியில் வைப்பதில்லை என்ற போதனையும் இருக்கிறது. தொழில் செய்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது. செய்யக்கூடியதைச் சொல்வது தற்பெருமையாகாது. செய்ய முடியாததைச் சொன்னால் அது பொய். “அக்கா, நாங்கள் குருநகரில இருந்து வாறம். ரெண்டு பேர். வீடு கூட்டிக் கழுவித் துடைச்சுத் தருவம், ராங்கியும் கழுவுவம். ஒரு அறையை முதல் செய்து காட்டுறம், பிடிச்சால் மிச்சத்தைச் சொல்லுங்கோ.” படலையடியில் இவ்வளவு சொன்னால் போதும். எங்கிருந்து வருகிறார், என்ன செய்வார், சரியில்லாவிட்டால் என்ன என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ‘நம்பர் வன்’ என்று அச்சடித்த துண்டுப்பிரசுரம் இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லாது.

ஒரு அறையைச் செய்து காட்டுவதற்கு உலகறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1872இல், பதினாறு வயதில், வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரி வாசலில் போய் நின்றபோது அவரிடம் பணமும் இல்லை, நல்ல உடுப்பும் இல்லை. தலைமை ஆசிரியை அவரைச் சேர்ப்பதாகவும் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சில மணி நேரம் கழித்துப் பக்கத்து வகுப்பறையைக் கூட்டச் சொன்னார். அவர் அதை மூன்று தடவை கூட்டி நான்கு தடவை தூசு துடைத்தார். தளபாடங்களை நகர்த்தி மூலைகளையும் விடாமல் செய்தார். ஆசிரியை வந்து தன் கைக்குட்டையால் சுவர்ப் பலகையையும் மேசையையும் வாங்குகளையும் தேய்த்துப் பார்த்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. அதுவே அவருடைய அனுமதிப் பரீட்சையானது. எந்தச் சான்றிதழும் சொல்லியிருக்க முடியாததை அந்தக் கைக்குட்டை சொல்லிற்று. அதே நேரம், அந்த ஆசிரியை ஒரு அறையைத் திறந்துவிட்டதும் மறக்கக் கூடாதது. திறமையைக் காட்டுவதற்கே ஒருவர் முதலில் கொஞ்சம் நம்பிக்கையை முன்பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த முன்பணத்தை யார் கொடுப்பது என்பதே இந்தப் பொருளின் மையம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் சிபாரிசுக் கடிதங்களைப் பற்றியது. வேறு போதகர்கள் அத்தகைய கடிதங்களோடு வந்தார்கள். தனக்கு அது தேவையா என்று பவுல் கேட்கிறார். தன் உழைப்பால் உருவான மக்களே தன் கடிதம் என்பது அவர் பதில். கொரிந்துவில் அவர் கூடாரம் செய்யும் தொழிலாளராக அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில் வேலை செய்து பிழைத்தவர் என்பதால் இது வெறும் அலங்காரப் பேச்சாகத் தோன்றவில்லை. ஆனால் இந்தப் பதில் ஏற்கெனவே வேலை செய்து முடித்தவருக்கே உதவும். இன்னும் ஒரு வீடும் செய்யாதவருக்கு அதே பவுல் வேறொரு இடத்தில் வழி காட்டுகிறார். எசமான் பிலமோனிடமிருந்து பிரிந்துபோன ஒனேசிமு என்ற அடிமைக்காக அந்தப் பிலமோனுக்கே அவர் எழுதிய சிறு கடிதத்தில், அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது என்ற பொருளில் தன் கையாலேயே பிணை நிற்கிறார். நல்ல பிள்ளை என்று வாயால் சொல்லுவதற்கும் நட்டம் வந்தால் என்னைக் கேள் என்று சொல்லுவதற்கும் உள்ள தூரம் பெரிது. கைமுதல் இல்லாதவரைத் தூக்கிவிடுவது இரண்டாவது வகைச் சொல்தான்.

குருநகரில் இந்தப் பிணையைக் கொடுக்கக்கூடியவர்கள் உண்டு. பங்குத்தந்தை, அன்பியத்தின் பொறுப்பாளர், மாதர் அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை, பல ஆண்டு ஒரே இடத்தில் கடை வைத்திருக்கும் முதலாளி, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுத் திறப்பை வைத்திருக்கும் உறவினர். கடைசியாகச் சொன்னவரே பெரும்பாலும் முதல் கதவைத் திறப்பார். வீட்டுக்காரர் அவரை முன்பே நம்பிவிட்டார். அவர் வழியாக ஒரு வீடு கிடைத்தால், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் போகும். அங்கிருப்பவரின் தங்கைக்கோ மச்சாளுக்கோ யாழ்ப்பாணத்தில் இன்னொரு பூட்டிய வீடு இருக்கும். அந்தப் படங்களைப் பார்ப்பவர்களில் பலர் ஐரோப்பாவில் இறங்கிய புதிதில் அலுவலகங்களையும் உணவகச் சமையலறைகளையும் துடைத்தே வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். அந்த வேலையின் கனம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஊரில் அதே வேலை செய்பவரிடம் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது வருத்தம் தரும் வழக்கம்.

பிணை தனியாளிடமிருந்தே வரவேண்டும் என்பதில்லை. புனே நகரில் குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993இல் சங்கம் அமைத்தார்கள். பின்பு ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவாகி, 2008 முதல் மாநகராட்சியின் உடன்பாட்டோடு வீடு வீடாகக் குப்பை வாங்கி, மாதக் கட்டணத்தை வீட்டுக்காரரிடமே பெறுகிறார்கள். தெருவில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட பெண், சங்கத்தின் அடையாள அட்டையோடு அதே வீட்டின் கதவைத் தட்டும்போது அவளுக்காக ஓராயிரம் பேர் பிணை நிற்கிறார்கள். குருநகரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரே பெயரில் இயங்கினாலும் சிறிய அளவில் இதே பலன் கிடைக்கும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது அதற்குச் சட்டத்தின் முத்திரையைச் சேர்க்கும்.

பிணை நின்ற சொல் மூன்று பேரைக் கட்டுகிறது. வேலை செய்பவர் தன் பெயரோடு சொன்னவரின் பெயரையும் சுமக்கிறார். சொன்னவர், பிழை நடந்தால் ஒளிந்துகொள்ளக் கூடாது. மூன்றாமவரான வீட்டுக்காரரின் கடமையே அதிகம் மறக்கப்படுகிறது. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதல், ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் ஓயாத துன்பம் தருவன என்கிறது. அரசருக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். ஒரு மோதிரம் காணவில்லையென்றால் வீட்டில் முதலில் நினைக்கப்படுவது வந்து கூட்டிவிட்டுப் போன பெண்ணின் முகம். மோதிரம் இரண்டு நாளில் தலையணை உறைக்குள் கிடைக்கலாம், அதற்குள் ஊருக்குப் போன கதை திரும்பி வருவதில்லை. ஏழையின் ஒரே முதல் அவர் பெயர் என்பதால், ஆதாரமில்லாத சந்தேகத்தை வெளியே சொல்வது அவருடைய முதலைத் திருடுவதற்குச் சமம். இதைத் தடுக்கச் சில வழக்கங்கள் உதவும். தனியே போகாமல் இருவராகப் போவது, நகையையும் காசையும் முன்பே எடுத்துவைத்துப் பூட்டும்படி வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்வது, உடைந்திருக்கும் பொருட்களைத் தொடங்குமுன் படம் எடுப்பது, திறப்பை வாங்கிய நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் கொப்பியில் எழுதிக் கையொப்பம் பெறுவது. இவை அவமதிப்புப் போலத் தோன்றலாம். இரு பக்கத்தையும் காப்பாற்றுவதால் இவற்றை மரியாதையாகவே கொள்ள வேண்டும்.

விலை சொல்வதில் கருணைக்கும் தொழிலுக்கும் இடையே இழுபறி வரும். முதல் வீட்டை இலவசமாகச் செய்து பெயர் வாங்கலாம் என்ற ஆலோசனை எங்கும் கேட்கும். சிரமதானத்தில் பழகிய ஊரில் இது இயல்பாகவும் படும். ஆனால் ஆலயத்துக்கோ தனித்து வாழும் ஏலாத கிழவிக்கோ கொடுக்கும் உழைப்பு தானம். வசதியுள்ள வீட்டுக்கு இலவசமாகக் கொடுப்பது, பழைய குடிமையைப் புதிய பெயரில் திரும்ப அழைப்பது. ஒரு அறையை மாதிரிக்குச் செய்து காட்டுவது போதுமான சலுகை. கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்குவதும் இதைப்போல ஆபத்தானது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்குள் வடக்குப் பெண்கள் பலர் சிக்கினர். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபா வரையான அத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியிருந்தது. வாளியும் தும்புத்தடியும் வாங்கச் சீட்டுக் காசு போதும். அழுத்தமாகத் தண்ணீர் பீச்சும் இயந்திரத்தை அதன் கூலி சேர்ந்த பிறகு வாங்கலாம்.

தேடத் தெரிந்தவருக்கு மறுக்கவும் தெரிய வேண்டும். கிணறு இறைக்கும்போது நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உள்ளே நிற்பவரைக் கொன்றுவிடும். மலக்குழிக்குள் ஆள் இறங்கவே கூடாது. அதற்குக் கழிவு உறிஞ்சும் பவுசர் இருக்கிறது. குளோரின் வெளிற்றியையும் கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். அவசரமாகச் செய்து தா, கூடத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் இவற்றை மறுப்பது கடமை. தகாத பார்வையும் பேச்சும் உள்ள வீட்டையும் அப்படியே விடலாம். ஐந்தாம் கட்டளையான கொலை செய்யாதே என்பதைத் திருச்சபை தன் உயிரைக் காப்பதற்கும் பொருத்தியே போதிக்கிறது. வருமானம் குறைவு என்பதால் அதில் விலக்கு இல்லை.

வாடிக்கையாளர் பெருகினால் கேள்வி திசை மாறும். நேற்று வேலை கேட்டவர் இன்று இன்னொரு பெண்ணைக் கூலிக்கு அழைப்பார். திருத்தூதர்களான யாகப்பரும் யோவானும் இயேசுவைப் பின்பற்ற வலைகளை விட்டுப் புறப்பட்டபோது, தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றதாக மாற்கு குறிப்பிடுகிறார். திருத்தூதர் வளர்ந்த வீடும் கூலி கொடுத்த வீடு. அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கக்கூடிய சட்டம் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழைக் கூலியாளின் சம்பளத்தை அன்றன்றே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், பிடித்துவைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுவதாக எச்சரிக்கிறது. துப்புரவுத் தொழிலில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். விடுதி மாத முடிவில் கொடுக்கும்; வெளிநாட்டு வீட்டுக்காரர் வங்கி வழியாக அனுப்பும் பணம் சில நாள் கழித்து வரும்; கூட வேலை செய்த பெண்ணுக்கோ அன்று மாலையே அரிசியும் பிள்ளையின் மருந்தும் வாங்க வேண்டும். ஆகவே முதல் சில வீடுகளின் இலாபத்தைப் புதிய கருவிகளுக்குச் செலவிடுவதற்கு முன், இரண்டு வாரக் கூலிக்கு ஈடான தொகையைத் தனியே ஒதுக்கிவைத்து, வீட்டுக்காரரின் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதிலிருந்து அன்றன்று கொடுப்பதே முறை.